நடுக்கடலில் ஒரு ‘டா’

மார்ச் 5

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் சௌகரியமாக ஊர் வந்து சேர்ந்தோம். தங்கள் வீட்டில் இருந்த நாட்களில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மாடி அறை நல்ல காற்றோட்டம். தங்கள் மனைவியார் என் தலையணையை நான் கேட்காமலே மாற்றிக் கொடுத்தார். பேத்தி என் மூக்குக்கண்ணாடியைத் தினமும் பிடுங்கினாள். ஒரு தாத்தாவுக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்?

மரியாதை என்ற சொல் வந்துவிட்டதால் விஷயத்துக்கு வருகிறேன்.

இதைப் போனில் பேசினால் என்ன என்று என் மகன் கேட்டான். போனில் தாங்கள் மறுபடியும் சுருக்கமாகப் பேசிவிடும் அபாயம் இருக்கிறது. தபாலில் அதற்கு வழியில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் கடலில் இருந்தேன். என் சொந்த விருப்பத்தில், என் சொந்தப் பட்டத்தோடும் பலகையோடும் இருந்தேன். ஓய்வு பெற்ற ஆண்கள் தோட்டம் போடுகிறார்கள், அல்லது மனைவியின் சமையலைத் திருத்தத் தொடங்குகிறார்கள். நான் யாருக்கும் தொந்தரவில்லாமல் கைட் சர்ஃபிங் கற்றுக்கொண்டேன். காற்று ஒரு பெரிய பட்டத்தை இழுக்கிறது, பட்டம் என்னை இழுக்கிறது, நான் பலகைமேல் நின்றபடி தண்ணீரில் சறுக்குகிறேன். அன்று காற்று என்னைக் கொஞ்சம் தாராளமாக இழுத்துக்கொண்டு போய், பட்டத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டது. கயிறுகள் சிக்கிக்கொண்டன. கரை சற்றுச் சிறியதாகத் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு, மேற்கொண்டு ஆகவேண்டியதை யோசித்துக்கொண்டிருந்தேன். யாரையும் கூப்பிடவில்லை.

அப்போது தங்கள் தலைமையில் மீட்புப் படகு வந்தது. தாங்கள் ஒலிபெருக்கியை எடுத்து, கரையில் நின்ற நம் இரு குடும்பத்தார் முன்னிலையில், என்னைப் பார்த்துச் சொன்னது இது:

“ஏறுடா!”

சம்பந்தி, நான் தங்கள் மகளுக்கு மாமனார். கல்யாணத்தன்று தாங்கள் என்னை “வாங்க வாங்க” என்று வாசல்வரை வந்து அழைத்தவர். இரண்டு ‘வாங்க’வுக்கும் ஒரு ‘டா’வுக்கும் நடுவே இத்தனை குறுகிய தூரம்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

கொள்கை ஒன்றும் இருக்கிறது. பணிக்காலம் முழுவதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து மனுக்களைப் பரிசீலித்தவன் நான். ஏணியிலிருந்து விழுந்தவரிடம் “எதற்கு ஏறினீர்கள்?” என்று கேட்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தெரிந்தே ஆபத்தில் இறங்கியவனைத் தூக்கிவிட உலகத்தில் யாருக்கும் கடமை இல்லை. ஊராரிடம் பேசிய சட்டத்தை எனக்கும் சேர்த்தே பேசுகிறேன். என்னைத் தூக்கியிருக்கத் தேவையில்லை. தூக்கியே தீருவது என்றால் மரியாதையோடு தூக்கியிருக்கலாம்.

அந்த ‘டா’வைத் தாங்கள் எழுத்து மூலம் திரும்பப் பெறும்வரை நான் தங்கள் ஊரில் கால் வைப்பதாக இல்லை. பேத்தி அங்கேதான் இருக்கிறாள் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் மருமகனின் தந்தை

*

மார்ச் 11

சம்பந்திக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல கையெழுத்து.

டாவைத் திரும்பப் பெற முடியாது. காரணம் சொல்கிறேன்.

படகில் மரியாதைக்கு இடம் உண்டு, நேரம்தான் இல்லை. ‘ஏறுங்கள் சம்பந்தி’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அலை வந்து போகும். அந்த அலையில் படகு உங்கள் தலைமேல் ஏறலாம். குட்டி வார்த்தைதான் ஆளிடம் போய்ச் சேரும். ஒருமுறை ஒரு நீதிபதியைத் தூக்கினோம். அவரை நான் கூப்பிட்ட வார்த்தையை இங்கே எழுதினால், தபாலில் போடுமுன் படித்துப் பார்க்கும் என் மனைவி இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவாள். அவர் படகில் ஏறி உட்கார்ந்து, மூச்சு வந்ததும், “ரொம்ப தேங்க்ஸ்ப்பா” என்றார். வழக்குப் போடவில்லை.

குடும்பத்தார் முன்னிலையில் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. அதனால்தான் நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்தீர்கள். அந்தக் காற்றில் நான் பீரங்கியே வெடித்திருந்தாலும் கரைக்குக் கேட்டிருக்காது. வீட்டில் எல்லோருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னது நீங்கள்தான். ஈரத் துண்டோடு வாசலில் நின்று, என் குரலிலேயே நடித்துக் காட்டினீர்கள். நன்றாகவே இருந்தது. குழந்தைகூடச் சிரித்தாள்.

அன்று காலை சிவப்புக் கொடி ஏற்றியது நான். நீங்கள் மாடியில் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்த்து, “கலர் நல்லா எடுப்பா இருக்கு” என்றீர்கள்.

நான் கூப்பிடவில்லை என்கிறீர்கள். கூப்பிட்டவரைத்தான் தூக்குவது என்றால் எங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும். நிஜமாகவே மூழ்குகிறவர்கள் கூப்பிடுவதில்லை. வாயில் தண்ணீர் இருக்கும். கூப்பிடாத இன்னொரு ரகமும் உண்டு. அவர்கள் வாயில் கௌரவம் இருக்கும்.

யார் தப்பு என்று நாங்கள் படகில் ஏற்றுவதற்கு முன் கேட்பதில்லை. ஏற்றிய பிறகும் கேட்பதில்லை. கரைக்கு வந்ததும் வீட்டம்மாக்கள் கேட்டுக்கொள்வார்கள்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். கண்ணாடி போட்டவர் யார் வந்தாலும் கையை நீட்டுகிறாள், பிறகு அது வேறு ஆள் என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சும்மா தகவலுக்காக எழுதினேன்.

பெண்ணின் அப்பா

*

மார்ச் 19

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி முறையற்ற தாக்குதல். கொள்கை பேசும் இடத்தில் குழந்தையைக் கொண்டுவருவது வக்கீல்கள்கூடக் கூச்சத்தோடு செய்யும் காரியம்.

காற்றின் திசை பற்றிய தங்கள் குறிப்பைப் பரிசீலித்தேன். உண்மையாக இருக்கலாம். ஆனால் அவமானத்தை அடைந்தவனே போய் ஊருக்குச் சொன்னான் என்பதால் அவமானம் குறைந்துவிடாது. சொல்லப்போனால், நடித்துக் காட்டிய சிரமமும் அதில் சேரும்.

இத்துடன் ஒரு பத்திரம் இணைத்திருக்கிறேன். அதன் சாரம்: ‘கீழே கையெழுத்திட்ட நான், சுயபுத்தியோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் அறிவிப்பது என்னவென்றால், பட்டம், பலகை, காற்று ஆகியவற்றால் கடலில் எனக்கு எது நேர்ந்தாலும் அது என் பொறுப்பு. எந்த மீட்புப் படகும் எனக்காகக் கரையைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. கிளம்பிவிட்டால் திரும்பிப் போய்விடலாம்.’ என்னிடம் இன்னொரு பட்டம் இருக்கிறது. இங்கேயும் கடல் இருக்கிறது. இதன் பிரதிகளை எல்லா மீட்பு நிலையங்களுக்கும் அனுப்பிவைத்தால் நல்லது.

சாட்சிக் கையெழுத்துக்கு என் மனைவியைக் கேட்டேன். “இதுல நான் கையெழுத்துப் போடுறதுக்குப் பதிலா உங்களை நானே தள்ளிவிட்டுடுறேன், ஒரே வேலையா முடிஞ்சிடும்” என்றாள். ஆகவே மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் கையெழுத்திட்டார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நல்ல சாட்சிக்கு அதுவே லட்சணம்.

சிந்தித்துப் பாருங்கள். ஒருவர் தினமும் இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிக்கிறார். அவர் வீட்டு வாசலில் சைரனோடு யாரும் படகு நிறுத்துவதில்லை. நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்?

பேத்திக்குப் பல் முளைக்கிறதாமே. மேலேயா, கீழேயா? இது கொள்கை சாராத கேள்வி.

இங்ஙனம்,
தங்கள் மருமகனின் தந்தை

*

மார்ச் 27

சம்பந்திக்கு,

கீழே. இரண்டு. என் கட்டைவிரலில் சோதித்துப் பார்த்துவிட்டாள்.

பத்திரம் கிடைத்தது. நல்ல கனமான தாள். நிலையத்தில் ரேடியோ வைத்திருக்கும் மேசை ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. நாலாக மடித்து ஒரு காலுக்கு அடியில் கொடுத்தேன். இப்போது ஆடவில்லை. உங்களால் மீட்புப் பணிக்கு உதவி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அதை நான் ஏன் ஏற்கவில்லை என்றால், கரையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவரும் தண்ணீரில் கிடக்கிறவரும் ஒரே ஆள் இல்லை. இரண்டு பேரையும் நான் பார்த்திருக்கிறேன். அன்று நீங்கள் “நான் கூப்பிடல! நான் கூப்பிடவே இல்ல!” என்று கத்தினீர்கள். கத்திக்கொண்டே எங்கள் படகு மெக்கானிக்கின் கையைப் பிடித்தீர்கள். அந்தப் பிடியை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது கொள்கை உள்ளவர் பிடி இல்லை. உங்கள் வாய்தான் இன்ஷூரன்ஸில் வேலை பார்த்திருக்கிறது. கை பார்க்கவில்லை.

சிகரெட் பிடிக்கிறவர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவரும் தண்ணீரில் விழுந்தால் தூக்குவோம். சிகரெட் நனைந்துபோயிருக்கும். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

மீனவர்கள் உங்கள் பட்டத்தைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓர் ஓரம் கிழிந்திருக்கிறது. என் மனைவி தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தையல் மிஷினில் இவ்வளவு பெரிய துணி இதுவரை ஏறியதில்லை. கூடம் முழுக்கப் பட்டம்தான். நாங்கள் சுவரோடு ஒட்டி நடக்கிறோம்.

மெக்கானிக் உங்களை விசாரித்தார்.

பெண்ணின் அப்பா

*

ஏப்ரல் 9

சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று என் மகன் போனில் வேறெதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, “மெக்கானிக் அண்ணனுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கலப்பா” என்றான். எந்த மெக்கானிக், என்ன கட்டு என்று கேட்டேன். உடனே அவன் அங்கே மழை வரும்போல இருக்கிறது என்றான். பேச்சை மாற்றுவதில் அவன் என் அளவுக்கு வளரவில்லை. அவன் அம்மா போனை வாங்கி, “டேய்” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். குட்டி வார்த்தைதான் போய்ச் சேரும் என்று தாங்கள் எழுதியது சரிதான்.

என்னைப் படகுக்குள் இழுத்தபோது அவருடைய தோள் விலகிவிட்டது. இன்னும் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாராம்.

தாங்கள் காற்றைப் பற்றி எழுதினீர்கள். நீதிபதியைப் பற்றி எழுதினீர்கள். மேசைக் காலைப் பற்றிக்கூட எழுதினீர்கள். இதை எழுதவில்லை. ‘மெக்கானிக் உங்களை விசாரித்தார்’ என்று மட்டும் எழுதினீர்கள். நான் அதைப் படித்துவிட்டு, நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு காபி குடிக்கப் போனேன்.

என் வேலையில் ஒரு கேள்வி உண்டு: மூன்றாம் நபருக்குப் பாதிப்பு உண்டா? எத்தனையோ பேரிடம் அதைக் கேட்டு, பதில் வரும்வரை பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்திருக்கிறேன். தங்களுக்கு அனுப்பிய பத்திரத்தில் மட்டும் அதற்கு ஒரு வரி எழுதவில்லை. மறதி இல்லை. தேவைப்படாது என்றுதான் விட்டேன். கடலில் நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்ற நினைப்பு. என் ஆபத்து என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதைப் பிடித்துத் தூக்க இன்னொருவர் கையை நீட்டியதும் அதில் பாதி அவருடையதாகிவிடும் என்பதை, இத்தனை வருடம் இன்ஷூரன்ஸில் குப்பை கொட்டிய எனக்கு ஒரு மின்விசிறிக்காரராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

இங்கே இருக்கும் பட்டத்தைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். இனி இறங்குவதாக இல்லை. என் மனைவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஏணியை எடுத்து உள்ளே வைத்ததோடு சரி. எனக்கு என்னவோபோல் இருந்தது.

அவருக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

‘டா’ பற்றி இந்தக் கடிதத்தில் பேசப்போவதில்லை. கைவிட்டதாக அர்த்தம் இல்லை.

தங்கள் சம்பந்தி

*

ஏப்ரல் 16

சம்பந்திக்கு,

மருமகனைத் திட்ட வேண்டாம். அவன் இத்தனை நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

நான் எழுதாததற்குக் காரணம் மெக்கானிக். “அவர்ட்ட சொல்லிடாதீங்க சார். அப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூஞ்சியப் பார்க்காம தோளையே பார்ப்பாரு” என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கடைத்தெருவில் கேட்கிறவர்களிடம் எல்லாம் ‘ஒரு பெரிய மீனை இழுத்தேன்’ என்று சொல்லிவைத்திருக்கிறார். நாளுக்கு நாள் மீன் எடை கூடிக்கொண்டு போகிறது.

தோள் போவது எங்கள் வேலையில் உள்ளதுதான். அதற்காக ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். அவருக்கு அவர் அம்மா சட்டை மாட்டிவிடுகிறார். பொத்தானும் போட்டுவிடுகிறார். வலியைவிட அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் அடுத்த மாதம் சரியாகிவிடும் என்கிறார். படகுக்கு வேறு ஒருவர் வருகிறார். நல்லவர், ஆனால் ஓயாமல் பாடுகிறார்.

ஒன்று சொல்கிறேன். உங்களைத் தூக்கியதில் மெக்கானிக்குக்கும் வருத்தம் இல்லை, எனக்கும் இல்லை. நாளைக்கு நீங்கள் அதே காற்றில் அதே இடத்தில் கிடந்தாலும் வருவோம். வராமல் இருக்க எங்களுக்குத் தெரியாது. ஆனால் கொடியைப் பார்த்துக் கலர் நல்லா இருக்கு என்றீர்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நாங்கள் வருவோம் என்பது எங்கள் பக்கத்து விஷயம். வரவழைக்காமல் இருப்பது உங்கள் பக்கத்து விஷயம். இதற்குப் பத்திரம் எல்லாம் தேவையில்லை. எனக்கு எழுதத் தெரிந்த தத்துவம் இவ்வளவுதான்.

பட்டத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள். யாரும் உங்களைக் கடலுக்குள் போகக் கூடாது என்று சொல்லவில்லை. நான் என் வாழ்நாளில் அப்படி யாரிடமும் சொன்னதில்லை. எந்த நாள், எந்தக் காற்று, கூட யார் என்று பார்த்துப் போகச் சொல்வேன். அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே சனி ஞாயிறுகளில் கைட் கூட்டம் நிறைய வருகிறது. கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கும் நாளில் இறங்காதீர்கள் என்று யூனிபார்ம் போட்டவன் சொன்னால், “சார் பயப்படுறாரு” என்று சிரிக்கிறார்கள். நீங்கள் வந்து சொல்லுங்கள். அந்தக் காற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று அனுபவத்தோடு சொல்ல இந்தக் கடற்கரையில் உங்களைவிடத் தகுதியானவர் கிடையாது. இதற்கு என் ஊரில் கால் வைக்க வேண்டியிருக்கும். மணலில் மட்டும் வைத்தால் ஊரில் வைத்ததாக ஆகாது என்று உங்கள் வசதிக்காகச் சொல்கிறேன்.

தைத்த பட்டம் தயாராக இருக்கிறது. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க எனக்கும் ஓர் ஆசை. இதை என் மனைவியிடம் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை அவள் படிக்கவில்லை, நானே ஒட்டினேன்.

டா அப்படியே இருக்கிறது.

பெண்ணின் அப்பா

*

மே 22

சம்பந்தி அவர்களுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். தங்கள் முழங்கை, முழங்கால், மூக்கு ஆகியவை நலமா?

நடந்ததை எழுத்தில் பதிவு செய்வது என் பழக்கம். அதோடு, சம்பவத்தின் பெரும்பகுதியில் தாங்கள் தண்ணீருக்கு அடியில் இருந்ததால் சில விவரங்கள் தங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

முதலில் மெக்கானிக். அவர் தோளைப் பார்க்கவே கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். ஆகவே அவர் காதைப் பார்த்துப் பேசினேன். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு, “காதுல ஒண்ணும் ஆகல சார்” என்றார். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு சரளமாகிவிட்டது. பொத்தான்களை இப்போது அவரே போட்டுக்கொள்கிறாராம். எனக்குப் போட்டுக் காட்டினார்.

கைட் கூட்டத்தின் முன் நான் பேசியதைத் தாங்கள் தூரத்தில் நின்று கேட்டீர்கள். நான் காற்றின் திசையைப் பற்றி ஆரம்பித்ததும் ஒரு பெண் எழுந்து, “சார், நீங்கதானா அந்த மீன்?” என்று கேட்டாள். நான்தான் என்றேன். அதன் பிறகு எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். என் பணிக்காலத்தில் எந்தக் கூட்டத்திலும் எனக்கு அப்படி ஒரு மௌனம் கிடைத்ததில்லை.

இனி, மறுநாள். காற்று கரையை ஒட்டிப் பக்கவாட்டில் வீசியது. கற்றுக்கொள்ள உகந்த காற்று. கொடி பச்சை. அதன் நிறத்தைப் பற்றி நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. தாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றீர்கள். பட்டம் மேலே. கைப்பிடிக் கம்பி தங்கள் கையில். நான் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்: எது தப்பாகப் போனாலும் கம்பியை விட்டுவிடுங்கள், விட்டால் பட்டம் தானாக அடங்கிவிடும். “அவ்ளோதானே?” என்றீர்கள்.

காற்று ஒரு முறை தூக்கி அடித்தது. தாங்கள் விடவில்லை.

கையில் கயிறு வந்துவிட்டால் உயிரே போனாலும் விடக் கூடாது என்பது தங்கள் ஆயுள் பழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் நான் இன்று கடிதம் எழுதும் நிலையில் இருக்கிறேன். அதே பழக்கம் தங்களைக் குப்புறப் போட்டு, வாயில் மணலை நிரப்பி, பழைய படகுத்துறையின் தூண்களை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. நான் கரையோரமாக ஓடினேன். “விடுங்க சம்பந்தி!” என்றேன். விடவில்லை. “சம்பந்தி, தயவுசெஞ்சு கம்பியை விட்டுடுங்க!” என்றேன். இலக்கணத்தில் ஒரு குறை இல்லை. தாங்கள் இன்னும் கெட்டியாகப் பிடித்தீர்கள். தூண் கிட்டே வந்துவிட்டது.

அப்போது என் வாயிலிருந்து வந்தது தங்களுக்கே தெரியும்.

“விடுடா!”

உடனே விட்டீர்கள்.

காற்று இந்த முறை என் பக்கம் இருந்தது. கடற்கரை முழுக்கக் கேட்டது. தங்கள் மனைவியார் கேட்டார். என் மனைவி கேட்டாள், கேட்டுவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்து சிரித்தாள். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த என் மருமகள், தன் அப்பாவை ஒருவர் டா போட்டதற்குக் கோபப்படுவாள் என்று பயந்தேன். “நல்லாக் கேட்டுச்சு மாமா” என்று மட்டும் சொன்னாள். படிக்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக், “ரெண்டாவது மீனும் கரை சேர்ந்துடுச்சு” என்றார்.

தாங்கள் எழுந்து, காதில் இருந்த மணலைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்:

“நான் கூப்பிடலையே.”

மார்ச் மாதத்து என் மனுவை நானே பரிசீலித்து, நானே நிராகரிக்கிறேன். காரணம்: மனுதாரர் தாமே அதே காரியத்தைச் செய்திருக்கிறார், செய்ததில் அவருக்கு வருத்தமும் இல்லை.

அன்புடன்,
தங்கள் சம்பந்தி

*

ஜூன் 3

சம்பந்திக்கு,

மூக்கு ஆறிவிட்டது. முழங்கை இன்னும் சட்டையில் ஒட்டுகிறது.

நீங்கள் மரியாதையாகச் சொன்ன இரண்டும் என் காதில் நன்றாகவே விழுந்தன. யாரோ யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன். தண்ணீருக்கு அடியில் இருக்கும்போது ‘தயவுசெய்து’ என்பது நமக்கில்லை என்றுதான் தோன்றுகிறது. மூன்றாவதுதான் எனக்கு என்று தெரிந்தது.

கரையில் இருந்து கத்துகிறவருக்குத் தொண்டை இப்படி வறண்டுபோகும் என்று எனக்கு இதுவரை தெரியாது. உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் மனைவி இத்தனை வருடம் வாசலில் நின்றது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். “இப்பவாவது கேட்டீங்களே” என்று சொல்லிவிட்டு, காயத்துக்கு மருந்தைக் கொஞ்சம் அழுத்தியே போட்டாள்.

மறுபடி ஒரு நாள் முயற்சி செய்வதாக இருக்கிறேன். விடப் பழக வேண்டும். தினமும் சாயங்காலம் கொடிக்கம்பத்துக் கயிற்றைப் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டுப் பழகுகிறேன். மெக்கானிக் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவர் தூரத்தில் நின்று “விடுடா” என்று சொல்கிறார். பயிற்சிக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான சேதி. குழந்தை பேச ஆரம்பித்துவிட்டாள். அம்மா சொல்லவில்லை. அப்பா சொல்லவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான்.

“டா!”

கை நீட்டிச் சொல்கிறாள். தெளிவாக, ஒலிபெருக்கி இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறாள். என் மகள் நம் இருவரோடும் பேசுவதில்லை என்று முடிவெடுத்து, அதைச் சொல்வதற்காக என்னிடம் ஒரு மணி நேரம் பேசினாள். உங்களுக்கு அவள் போன் செய்வாள். எடுக்காமல் இருப்பது நல்லது.

குழந்தை அதை என்னைப் பார்த்துத்தான் சொல்கிறாள். வேலை முடிந்து நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் தவழ்ந்து வாசலுக்கு வந்து “டா” என்கிறாள். ஆகவே அது என்னைக் கூப்பிடும் பெயர். உங்களுக்குத் தெரியப்படுத்துகிறேன்.

உங்கள் சம்பந்தி

*

ஜூன் 8

சம்பந்தி அவர்களுக்கு,

கடுமையான ஆட்சேபம் தெரிவிக்கிறேன்.

அந்தக் குழந்தை தன் வாழ்நாளில் முக்கியமான ‘டா’ இரண்டைக் கேட்டிருக்கிறாள். ஒன்று, நான் ஈரத் துண்டோடு வாசலில் நின்று நடித்துக் காட்டியது. அப்போது அவள் சிரித்தாள் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்றொன்று, கடற்கரையில் நான் தங்களைப் பார்த்துச் சொன்னது. இரண்டும் என் வாயிலிருந்து வந்தவை. தாங்கள் சொன்ன ‘டா’, தங்கள் சொந்த வாதத்தின்படியே, காற்றோடு கடலுக்குள் போய்விட்டது. பீரங்கி வெடித்திருந்தாலும் கரைக்குக் கேட்டிருக்காது. மார்ச் 11 தேதியிட்ட தங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆகவே அவள் என்னைத்தான் கூப்பிடுகிறாள். நான் அங்கே இல்லாததால் தாங்கள் இடையில் புகுந்து அனுபவிக்கிறீர்கள்.

மருமகள் போன் செய்தாள். எடுத்துவிட்டேன். தங்கள் எச்சரிக்கை தாமதமாக வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை நாங்கள் வருகிறோம். பட்டத்தைப் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். காற்று எப்படி என்று காலையில் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் அதைப் பிரிப்பேன். நாம் இருவரும் கேட்டருகே சரிசமமாக நிற்போம். அவள் யாரைக் கூப்பிடுகிறாளோ அவர் தூக்கிக்கொள்ளட்டும்.

கூப்பிடாவிட்டாலும் தூக்கிக்கொள்ளலாம் என்பது தங்கள் துறையின் கொள்கை. எனக்கு அதில் இப்போது ஆட்சேபம் இல்லை.

அன்புடன்,
டா